பாட்டன் ஊர் தேடி வரும் பிள்ளைகள்!
யூத வாலிபர்களின் கோடைப் பயணமும் நமது திண்டிவனம் சாலையும்

2025-ம் ஆண்டு ஜூன் மாதம் 17-ந் தேதி. இஸ்ரேல் நாட்டின் அஷ்டோத் துறைமுகத்திலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. அதன் பெயர் "கிரௌன் ஐரிஸ்".

கப்பலில் சுமார் 1,500 வாலிபர்களும் இளம் பெண்களும் இருந்தார்கள். வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த யூதப் பிள்ளைகள் அவர்கள். பலர் அமெரிக்காவைச் சேர்ந்தவர்கள்.

உல்லாசக் கப்பல்தான். ஆனால் அன்று அது உல்லாசப் பயணம் போகவில்லை.

நான்கு நாட்களுக்கு முன்பு, ஜூன் 13-ந் தேதி, இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் சண்டை மூண்டது. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். வானத்தில் ஏவுகணைகள் பறந்தன. அபாயச் சங்கு ஊதும்போதெல்லாம் ஜனங்கள் பாதுகாப்பு அறைகளுக்கு ஓடினார்கள். விடுமுறையில் கூட்டமாக ஊர் பார்க்க வந்த பிள்ளைகள், வீடு திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள்.

கடைசியில் அவர்களைக் கப்பலில் ஏற்றி, பக்கத்தில் உள்ள சைப்ரஸ் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து விமானத்தில் வீடு போய்ச் சேர்ந்தார்கள். பெற்றவர்கள் வயிற்றில் அப்போதுதான் பால் வார்த்தது போல் இருந்திருக்கும்.

இந்தப் பிள்ளைகள் எதற்காக அங்கே போனார்கள்? யார் அனுப்பினார்கள்? என்ன பார்த்தார்கள்?

"அது எங்கேயோ நடந்த விஷயம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கிற நமக்கு அதனால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கடல் கடந்து போன நம்மவரின் பேரப் பிள்ளைகளும் இதே போல் கூட்டமாகத் தமிழ்நாட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நாம் எதைக் காட்டப் போகிறோம் என்பதுதான் இன்று நம் முன் உள்ள கேள்வி.

பத்து நாள் இலவசப் பயணம்

யூதர்கள் உலகம் முழுவதும் சிதறி வாழ்கிறவர்கள். அமெரிக்காவில் மட்டும் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். அங்கே பிறந்த பிள்ளை ஆங்கிலம் பேசுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறது. "நாம் யார்? நம் முன்னோர் யார்?" என்பதெல்லாம் அதற்கு மறந்து போய்விடுமோ என்று பெரியவர்களுக்குக் கவலை.

அதனால் பல ஆண்டுகளாகவே 16, 17 வயதுப் பள்ளிப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் கூட்டமாக இஸ்ரேலுக்கு அனுப்புவது அவர்கள் வழக்கம். சில வாரங்கள் தங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார்கள். இதற்குச் செலவு அதிகம். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் போக முடிந்தது.

1999-ம் ஆண்டில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். சார்லஸ் பிரான்ஃப்மன், மைக்கேல் ஸ்டைன்ஹார்ட் என்ற இரண்டு பெரும் பணக்காரர்கள் முன்வந்தார்கள். இஸ்ரேல் அரசாங்கமும் பணம் போட்டது. "தாக்லித்" என்று ஒரு திட்டம் தொடங்கியது. எபிரேய மொழியில் அதற்குக் "கண்டறிதல்" என்று பொருள். ஆங்கிலத்தில் "பெர்த்ரைட்", அதாவது "பிறப்புரிமை" என்று பெயர் வைத்தார்கள்.

18 வயது முதல் 26 வயது வரை உள்ள யூத வாலிபர்களுக்குப் பத்து நாள் பயணம். விமானம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். இதுவரை 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போய் வந்திருக்கிறார்கள்.

பஸ்ஸுக்குள் என்ன நடக்கிறது?

ஒரு பஸ்ஸுக்குச் சுமார் 40 பேர். ஒரு வழிகாட்டி இருப்பார். காலையில் இருட்டோடு எழுப்பி, மசாதா என்ற மலைக்கோட்டையில் ஏற்றுவார்கள். அங்கிருந்து சூரிய உதயம் பார்ப்பார்கள். பிறகு சாக்கடலில் இறங்குவார்கள். அந்தத் தண்ணீரில் உப்பு மிக அதிகம். நீச்சல் தெரியாதவனும் மிதப்பான். ஜெருசலேமில் பழைய கோயிலின் மேற்குச் சுவர் இருக்கிறது. பிரார்த்தனையைக் காகிதத் துண்டில் எழுதி அதன் கல் இடுக்கில் செருகுவார்கள்.

பிறகு "யாத் வஷேம்" என்ற நினைவு மண்டபத்துக்குப் போவார்கள். ஹிட்லர் ஆட்சியில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்காகக் கட்டிய மண்டபம் அது. உள்ளே சிரித்துக்கொண்டு போன பிள்ளைகள் வெளியே வரும்போது பேச்சில்லாமல் வருவார்கள்.

இதில் ஒரு சங்கதி கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் வளர்ந்த பல பிள்ளைகளுக்கு எபிரேய எழுத்து பிரார்த்தனைப் புத்தகத்தில் மட்டுமே பழக்கம். இங்கே வந்து பார்த்தால் அதே எழுத்து பஸ் பலகையில் இருக்கிறது! சோடா பாட்டிலில் இருக்கிறது! சாமி கும்பிட மட்டும் என்று நினைத்த மொழியில் கடைக்காரர் பேரம் பேசுகிறார்!

இன்னொன்று. அந்த நாட்டு வாலிபர்கள் சிலரையும் அதே பஸ்ஸில் சில நாட்கள் ஏற்றிவிடுகிறார்கள். பலர் பட்டாளத்தில் வேலை செய்கிற சம வயதுக்காரர்கள். சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து பாடிப் பழகுகிறார்கள். கல்லையும் மண்ணையும் பார்த்ததை விட இந்தப் பழக்கம்தான் மனதில் நிற்கிறது என்று போய் வந்தவர்கள் பலர் சொல்கிறார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கிய ஐந்து பெண்கள்

இந்தத் திட்டத்தின் மேல் குறை சொல்கிறவர்களும் உண்டு. வெளியார் மட்டுமல்ல, யூதப் பிள்ளைகளே குறை சொல்கிறார்கள்.

2018-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு பஸ்ஸிலிருந்து ஐந்து இளம் பெண்கள் நடுவழியில் விலகிப் போனார்கள். "எங்களுக்கு ஒரு பக்கத்தைத்தான் காட்டுகிறீர்கள். பாலஸ்தீனர் எப்படி வாழ்கிறார்கள் என்று காட்டவில்லை. கேட்டால் சரியான பதில் இல்லை" என்பது அவர்கள் குறை. முன்னாள் இஸ்ரேலியச் சிப்பாய்கள் நடத்தும் ஒரு சங்கத்தாருடன் ஹெப்ரோன் நகருக்குப் போய், நேரில் பார்த்தார்கள். சில வாரங்களில் இன்னும் சிலர் இதே போல் விலகினார்கள்.

அவர்கள் கேட்ட கேள்வி லேசானதல்ல. 1948-ல் நடந்த யுத்தத்தில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர் வீடு வாசல் இழந்து வெளியேறினார்கள். அவர்கள் திரும்பி வந்து குடியேற இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. அமெரிக்காவில் பிறந்த யூதப் பிள்ளைக்கோ, 1950-ம் ஆண்டுச் சட்டப்படி, எப்போது வேண்டுமானாலும் வந்து குடியேற உரிமை உண்டு. "எனக்குத் திறந்த கதவு அந்த மண்ணில் பிறந்தவருடைய பேரனுக்கு ஏன் மூடியிருக்கிறது?" என்று ஒரு பெண் கேட்டால், வழிகாட்டி என்ன சொல்வார்? 2023-ம் ஆண்டு அக்டோபரில் காஸா யுத்தம் தொடங்கிய பிறகு இந்தக் கேள்வி இன்னும் உரத்துக் கேட்கிறது.

நடுவழியில் விலகியது சரியா, தவறா என்பது வேறு விவாதம். ஆனால் ஒன்று தெரிகிறது. பிள்ளைகளை அழைத்துப் போகலாம். காட்டலாம். அவர்கள் வாயை மட்டும் கட்ட முடியாது.

நம்முடைய கப்பல்கள்

இனி நம் கதைக்கு வருவோம்.

1853-ம் ஆண்டு மே மாதம் "ஒரேலி" என்ற கப்பல் மேற்கிந்தியத் தீவான மர்த்தினிக்கில் போய் நின்றது. புதுச்சேரியில் ஏறிய கூலி ஜனங்கள் அதில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப் தீவுக்கும் ஆட்களைக் கொண்டு போயிற்று. 1860-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி "ட்ரூரோ" என்ற கப்பல், சென்னையில் ஏறிய 342 பேருடன் தென் ஆப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. மோரீசுக்கு அதற்கும் முன்பே, 1834 முதல் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் கரும்புத் தோட்ட வேலைக்கு. அடிமை முறையை ஒழித்த பிறகு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கி, நம்மவரைக் கப்பல் ஏற்றினார்கள்.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஊர். ஆனால் அங்கே கப்பல் ஏறியவர்கள் எல்லோரும் புதுச்சேரிக்காரர்கள் அல்ல. சுற்றியிருந்த ஆங்கிலேயர் சீமையிலிருந்து, அதாவது தென்னாற்காடு, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள் ஏராளம். விழுப்புரமும் திண்டிவனமும் அன்று தென்னாற்காடு ஜில்லாவின் தாலுகாக்கள். விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது 1993-ல்தான்.

தென் ஆப்பிரிக்காவில் இன்றும் "படையாச்சி" என்று பெயருடைய குடும்பங்கள் நிறைய உண்டு. அந்தப் பெயர் நம் தென்னாற்காட்டுப் பக்கம் வழங்குகிற பெயர்தான் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தமிழ்ப் பிள்ளைகளின் பயணம்

கடல் கடந்த தமிழரின் பிள்ளைகளைத் தாய்நாட்டுக்கு அழைத்து வர, தமிழ்நாடு அரசாங்கமும் ஒரு திட்டம் வகுத்தது. பெயர் "வேர்களைத் தேடி". 2023-ம் ஆண்டு மே மாதம் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சிங்கப்பூரில் இதைத் தொடங்கி வைத்தார். 18 முதல் 30 வயது வரை உள்ள அயலகத் தமிழ் இளைஞர்களுக்கான பண்பாட்டுச் சுற்றுலா அது.

முதல் கூட்டம் 2023 டிசம்பர் கடைசியில் வந்தது. ஆஸ்திரேலியா, கனடா, இலங்கை, பிஜி நாடுகளைச் சேர்ந்த 57 பேர். 2024 ஆகஸ்டில் சுமார் 100 பேர் வந்தார்கள். தென் ஆப்பிரிக்கா, மோரீசு, குவாதலூப், மர்த்தினிக் முதலிய இடங்களின் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

யூதப் பிள்ளை எபிரேய எழுத்தைப் பஸ் பலகையில் பார்த்து வியந்தது போலத்தான் இவர்களும். குவாதலூப்பில் மாரியம்மன் கோயில் உண்டு. பூசைப் பாட்டும் உண்டு. ஆனால் வீட்டில் பேசுவது பிரெஞ்சும் கிரியோலும். பொருள் தெரியாமல் பாடிய மொழியில், இங்கே ஒரு கிழவி கீரைக்கட்டுக்கு விலை சொல்வதைக் கேட்டால் எப்படி இருக்கும்! நினைத்துப் பாருங்கள்.

அவர்களுக்கு இல்லாதது, நமக்கு இருக்கிறது

இரண்டு பயணங்களும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது.

அமெரிக்க யூதப் பிள்ளைகள் பலருடைய பாட்டன் ஊர் இஸ்ரேலில் இல்லை. போலந்திலும் ரஷ்யாவிலும் இருந்தது. யுத்தத்துக்கு முன் போலந்தில் மட்டும் சுமார் 33 லட்சம் யூதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் சுமார் 30 லட்சம் பேரைக் கொன்றுவிட்டார்கள். 1988 முதல் யூதப் பள்ளிப் பிள்ளைகளைப் போலந்துக்கும் அழைத்துப் போகிறார்கள். ஆஷ்விட்ஸ் கொலை முகாமிலிருந்து பிர்கெனௌ முகாம் வரை சுமார் மூன்று கிலோமீட்டர் மௌனமாக நடக்கிறார்கள். "உன் பாட்டி இங்கே வாழ்ந்தாள்" என்று சொல்ல அந்த ஊர்களில் உறவு என்று யாரும் மிஞ்சவில்லை.

நம் பிள்ளைகள் கதை அப்படி அல்ல. மோரீசு, தென் ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு ஊர் இருக்கிறது. ஏரி இருக்கிறது. ஏரிக்கரையில் அய்யனார் இருக்கிறார். ஒன்றுவிட்ட பங்காளியின் பேரனும் இருக்கலாம்!

அதற்கு அத்தாட்சியும் இருக்கிறது. கப்பல் ஏறிய ஒவ்வொருவருக்கும் வெள்ளைக்காரன் பதிவு எழுதி வைத்தான். பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், அங்க அடையாளம், ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். அந்தப் பதிவேடுகள் மோரீசில் மகாத்மா காந்தி நிலையத்தில் இன்றும் இருக்கின்றன. டர்பனுக்குப் போனவர்களின் பட்டியலும் இருக்கிறது. ஆனால் எழுதினவன் காதில் விழுந்தபடி எழுதினான். முனுசாமி "மூன்சாமி" ஆனார். கிராமப் பெயர்களோ இன்னும் மோசம். ஊரார் படித்துப் பார்த்தாலே ஒழிய அது எந்த ஊர் என்று தெரியாது.

ஒன்று சொல்லிவிட வேண்டும். எல்லாத் தமிழ்ப் பிள்ளைக்கும் பாட்டன் ஊர் இங்கே இல்லை. கனடாவில் வாழும் தமிழரில் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து போனவர்கள். அவர்கள் பாட்டன் ஊர் யாழ்ப்பாணத்துப் பக்கம். தமிழ்நாடு அவர்களுக்கு மொழியால் உறவு. அந்த வித்தியாசம் தெரிந்து பேச வேண்டும்.

திண்டிவனத்தில் பஸ் நிற்குமா?

சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் போகும் சுற்றுலா பஸ்கள் திண்டிவனம், விழுப்புரம் வழியாகத்தான் போகின்றன. ஒரு டீ குடிக்க நிற்கும். பிறகு பெரிய கோயிலை நோக்கிப் பறந்துவிடும்.

நம் பக்கம் பார்க்க ஒன்றும் இல்லையா? திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சிக் கோட்டை. 2025 ஜூலையில் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே மண்டகப்பட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மகேந்திரவர்ம பல்லவன் பாறையில் குடைந்த கோயில் அங்கே இருக்கிறது. திருவக்கரையில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன.

வெளிநாட்டு வாலிபர் கூட்டம் நமக்குப் புதிதும் அல்ல. வானூர் பக்கத்தில் உள்ள ஆரோவில் நகரை 1968-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி தொடங்கியபோது, 124 நாட்டு மண்ணை இளைஞர்கள் ஒரு தாழியில் இட்டார்கள். அந்த நகரை நிறுவிய புதுச்சேரி ஆசிரமத்து அன்னை, பாரிஸில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அதே ஆரோவிலில் இஸ்ரேலிலிருந்து வந்த ஒரு தம்பதி 2003-ல் "சாதனா வனம்" தொடங்கினார்கள். பல தேசத்து வாலிபர்கள் வந்து தங்கி, மழை நீருக்கு வரப்புக் கட்டி, மரம் நடுகிறார்கள். வேடிக்கை பார்ப்பதோடு நில்லாமல், மண்வெட்டி பிடித்து மண்ணைத் தெரிந்துகொள்கிறார்கள். கூட்டப் பயணத்தில் இதுவும் ஒரு வழி.

"என் பாட்டன் ஏன் போனார்?"

கோட்டையும் கோயிலும் காட்டுவது சுலபம். ஆனால் பாட்டன் ஊருக்கு வந்து நிற்கிற பிள்ளை முதலில் என்ன கேட்கும்?

"இவ்வளவு நல்ல ஊரை விட்டு என் பாட்டன் ஏன் போனார்?"

இதற்குப் பதில் கசப்பானது. சென்னை மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை கொடிய பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானோர் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். அது மட்டுமல்ல. வட்டிக் கடன், சொந்த நிலம் இல்லாமை, பண்ணையில் அடிமை வேலை, சேரியில் பிறந்தவன் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத கொடுமை. இவற்றிலிருந்து தப்பக் கப்பல் ஏறியவர்கள் அநேகர். பதிவேட்டில் "ஜாதி" என்ற கட்டத்தைப் பார்த்தால் தெரியும்.

அந்தப் பிள்ளையிடம் ராஜராஜன் பெருமையை மட்டும் சொல்லி அனுப்பினால் போதுமா? போதாது. ராஜராஜன் அவன் பாட்டனைக் கப்பல் ஏற்றவில்லை. ஏற்றியது எது என்று சொல்ல வேண்டும். மறைத்தால், அந்த ஐந்து பெண்கள் செய்ததைத்தான் நம் பிள்ளைகளும் செய்வார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அதை நம் வாயால் சொல்வதுதான் மரியாதை.

என்ன செய்யலாம்?

முதலாவது: பதிவேடுகளில் உள்ள பழைய கிராமப் பெயர்களை இன்றைய ஊராட்சிப் பெயர்களோடு பொருத்தி, மாவட்டந்தோறும் ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். அது விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் இருந்தால், வருகிறவன் அலைய வேண்டியதில்லை.

இரண்டாவது: பயணத்தில் ஓர் இரவாவது ஒரு கிராமத்து வீட்டில் தங்க விட வேண்டும். சம வயதுப் பிள்ளைகளோடு பழக வேண்டும். தாக்லித் பஸ்ஸில் நல்ல பலன் தந்தது இதுதான்.

மூன்றாவது: கேள்வி கேட்க நேரம் ஒதுக்க வேண்டும். வரலாறு படித்தவர் ஒருவர் ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

நான்காவது: ஆபத்து வந்தால் பிள்ளைகளை எங்கே தங்க வைப்பது, எப்படித் திருப்பி அனுப்புவது, பெற்றோருக்கு யார் தகவல் சொல்வது என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அஷ்டோத் கப்பல் சொல்லும் பாடம் இது.

இவை அரசாங்கம் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது.

என்றாவது ஒரு நாள் உங்கள் ஊர் ஆலமரத்தடியில் ஓர் இளம் பெண் வந்து நிற்கலாம். ஜீன்ஸ் போட்டிருப்பாள். தமிழ் வராது. கையில் ஒரு காகிதம் இருக்கும். "தென்னாற்காடு, திண்டிவனம் தாலுகா" என்று அதில் எழுதியிருக்கும்.

அவளைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். "என்ன ஜாதி?" என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். நிலத்தில் பங்கு கேட்க வந்திருப்பாளோ என்று பயப்படவும் வேண்டாம். முதலில் உட்காரச் சொல்லி, ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். பிறகு ஊரிலேயே வயது முதிர்ந்த தாத்தாவிடமோ ஆயாவிடமோ அழைத்துப் போய், அந்தக் காகிதத்தில் உள்ள பெயரை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

யாருக்காவது அந்தப் பெயர் நினைவுக்கு வரலாம். வராமலும் போகலாம். வராவிட்டால் ஏரிக்கரைக்கு அழைத்துப் போய், "இந்த வழியாகத்தான் அம்மா அந்தக் காலத்தில் புதுச்சேரிக்கு நடந்து போவார்கள்" என்று காட்டுங்கள். அவள் பாட்டன் திரும்பி வராத வழி அது. பேத்தி வந்திருக்கிறாள் என்பதே பெரிது.